லூர்து முடுக்கிய நட்டு

லூர்துக்குட்டி, நீ போய்விட்டாய் என்று உன் தம்பி போனில் சொன்னபோது நான் விழுப்புரம் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். "வள்ளிக்கா, காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சு. முகையூர்லருந்து தூக்கிக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றான். கடைக்காரர் "எவ்ளோம்மா போடட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் டிபன் வண்டியில் சாப்பிட்டவர்களுக்கு அவளைத் தெரியும். தோசை ஊற்றியது நான். வண்டி ஓட்டியது, ஆர்டர் பிடித்தது, சட்னி கேட்டு நச்சரித்தவர்களைக் கிண்டலடித்து அனுப்பியது எல்லாம் அவள். அவள் செய்த இன்னொரு வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டு வண்டியின் மெல்லிய தகரத்தில் நிற்கிறது. தகரத்துக்குப் பின்னால் கை போகாது, நட்டு வைத்துப் பிடிக்க வழியில்லை. அதற்கென்றே ரிவெட் நட்டு என்று ஒன்று இருக்கிறது. சின்னக் குழாய் மாதிரி, உள்ளே மரை. ஓட்டையில் செருகி வெளியே இழுத்தால் பின்பக்கம் உப்பித் தகரத்தைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அதில் போல்ட்டு போடலாம். லூர்து முன்பு வேலை பார்த்த பஸ் பாடி கட்டும் ஷெட்டில் அதற்கு ஒரு கன் இருந்தது. எங்கள் வண்டிக்கு வந்தபின் அவளே ஒன்று செய்துகொண்டாள். இரும்புப் பட்டையில் ஓட்டை போட்டு, ஓட்டையைச் சுற்றி அரத்தால் பல் ராவி, அதில் ஒரு நீள போல்ட்டைக் கோத்தாள். ஒருத்தி பட்டையை அசையாமல் பிடிக்க, இன்னொருத்தி ஸ்பேனரால் போல்ட்டைத் திருக வேண்டும். பிடிப்பது எப்போதும் நான். தொடங்கும் முன் என் வளையல்களைக் கழற்றச் சொல்வாள். "தகரம் பேசறது கேக்கணும் யக்கா" என்பாள்.

ஒரு தடவை விழுப்புரத்தில் கல்யாண டிபன் எங்களுடையது. விக்கிரவாண்டி தாண்டும்போது பின்னால் டம்மென்று சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் ஸ்டாண்டின் ஒரு பக்கம் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. சிலிண்டர் டியூப் மேல் சாய்ந்து கிடந்தது. கேஸ் வாடை. லூர்து முதலில் ரெகுலேட்டரை மூடினாள்.

"கயித்தால கட்டிக்கினு போயிடலாம்டி. நேரமாவுது" என்றேன்.

"போறதுக்குக் கயிறு போதும். அங்க அடுப்பு பத்த வெச்சா பொசுங்கிடும். மொய் எழுத வந்தவங்க நமக்கு மாலை வாங்கினு வரணும்."

ட்ரில் போட்டால் பொறி பறக்கும். அதனால் சிலிண்டரைக் கழற்றி மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, தூரமாக உருட்டிக்கொண்டு போனோம். வாடை அடங்கும்வரை கதவுகளைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். பிறகு பக்கத்திலேயே புது ஓட்டை போட்டாள். டப்பாவில் இரண்டு ரிவெட் நட்டுதான் மிச்சம். "மரைக்கு எண்ணெ தடவு" என்றாள். நான் மரையோடு பட்டைக்கும் சேர்த்துத் தடவிவிட்டேன், கல்லில் எண்ணெய் தேய்த்துப் பழகிய கை. பற்கள் வழுக்கி, நட்டு ஓட்டைக்குள் வெறுமனே சுற்றியது.

"தோசையா ஊத்தப் போற?" என்றாள். சிரிக்கவில்லை. கெட்டுப்போனதைத் தட்டி எடுத்துவிட்டு, பட்டையை மண் போட்டுத் தேய்த்துத் துடைத்தாள்.

அந்த நேரம் கல்யாணப் பெண்ணின் அப்பா போன் பண்ணினார். "இன்னாம்மா இது பேஜாரா இருக்குது. சனங்க இலையப் பாத்துக்கினு உக்காந்துகினு இருக்காங்க."

"கேஸ் ஸ்டாண்டு கழண்டுக்கிச்சுங்கண்ணே. இப்படியே வந்தா இட்லியோட நாங்களும் வெந்துடுவோம். ஒரு காப்பி குடுத்து உக்கார வைங்க" என்றாள் லூர்து.

கடைசி நட்டு. திருகத் திருக முதலில் லேசாக வரும், உப்பும்போது கனக்கும், கவ்வியதும் நிற்கும். அதற்குமேல் திருகினால் மரை போய்விடும். முன்னாலேயே விட்டால் அடுத்த பள்ளத்தில் கழன்றுவிடும். லாரி போகும்போதெல்லாம் வண்டி ஆடியது. ஒவ்வொரு லாரிக்கும் அவள் நிறுத்தி, அது போனபிறகு மறுபடி திருகினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என் மூஞ்சில இன்னா எழுதியிருக்குது, பட்டையப் பாரு" என்றாள். திடீரென்று ஸ்பேனரை எடுத்துவிட்டாள். ஸ்டாண்டை மாட்டி, அதைப் பிடித்து முழு உடம்போடு தொங்கினாள். அசையவில்லை.

கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை முறைத்தார்கள். பெண்ணின் அப்பா திட்டி முடிக்கும்வரை லூர்து அவர் இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே நின்றாள்.

போன வாரம் ஸ்டாண்டின் அடுத்த பக்கமும் ஆட ஆரம்பித்தது. "திங்கக்கெழம வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அடுப்பு பத்த வெக்காத" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த போன் வந்தது. முகையூர் கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அப்போதிருந்து வண்டி நிற்கிறது. அந்த வண்டிதான் எனக்குச் சோறு. அதை ஓட்டி வர ஓர் ஆளைப் பேசிவிட்டேன். நாளைக்கு மேல்சித்தாமூரில், சமணர்களுக்கு வெங்காயம் பூண்டு சேர்க்காத டிபன் ஆர்டர். இன்று மத்தியானம் என் நாத்தனாரைப் பட்டையைப் பிடிக்கச் சொல்லி, முதன்முதலாக ஸ்பேனரை நான் எடுத்தேன். போல்ட்டு திருகத் திருகக் கனத்தது. நிறுத்தினேன். ஸ்டாண்டை மாட்டித் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் வண்டி இன்னும் ஒரு பள்ளத்திலும் இறங்கி ஏறவில்லையே.

பட்டையை உன் தம்பி என்னிடமே விட்டுவிட்டான். அதைவிட, ஊரே அவசரப்படுத்தினாலும் சரியாகும்வரை அடுப்பைத் தொடாத உன் பயத்தைத்தான் நான் வைத்துக்கொண்டேன். அந்தப் பயம்தான் இப்போது கேட்கிறது. நட்டு கவ்வி அதுவா நின்னுச்சா, இல்ல நான்தான் பயந்து நிறுத்திட்டேனாடி?