கழுத்துக் கட்டியும் இரண்டு கண்டங்களும்

என் கழுத்தில் கட்டி இருப்பது எனக்கு அடுத்தபடியாகத் தெரிந்தது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும்தான். செம்பாக்கத்தில் எங்கள் தெரு வழக்கம் அது. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்புவோம். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் உள்ளூர் டாக்டரின் பேச்சு காதில் ஏறும்.

தம்பி இங்கிலாந்தில், தங்கை அமெரிக்காவில். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் கூடுவோம்.

"இங்க எல்லாருக்கும் ஒரே வைத்தியம்க்கா. ஒரு பைசா கேக்க மாட்டாங்க" என்பான் தம்பி.

தங்கை விடுவாளா? "கேக்க மாட்டாங்க, கூப்பிடவும் மாட்டாங்க. இங்க பெரிய டாக்டரையே உடனே பாக்கலாம்."

"இன்சூரன்ஸ்காரன் சரின்னா பாக்கலாம்!"

பேச்சு அப்படியே ஜெர்மனி, ஜப்பான் என்று சுற்றி வரும். ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை: "கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாதக்கா."

நானும் கேட்டுக்கொண்டு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவள், இப்படி ஒரு மடத்தனம் செய்தேன். கட்டி வளர்ந்தது. சோறு விழுங்கினால் இடித்தது. பயமாக இருந்தது. ஒரு ஞாயிறு, "எச்சில் முழுங்கினாலே வலிக்குது" என்றேன். அவர்கள் பேச்சு அப்போது கனடா வைத்தியத்தில் இருந்தது. யார் காதிலும் விழவில்லை. வந்த கோபத்தில் போனை அணைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அரசு மருத்துவமனை வரிசையில் நின்றேன். ஆதார் ஜெராக்ஸ் இல்லை என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் நின்ற பூக்கார அம்மாள் சிரித்தாள்.

"இன்னாக்கா, மொத தபாவா? நாளைக்கு ஜெராக்ஸோட வா. நான் எடம் புடிச்சி வெக்கிறேன்."

சொன்னபடி பிடித்து வைத்திருந்தாள். அன்று டாக்டர் ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டார். பெஞ்சில் உட்கார இடமில்லை, தலைக்கு மேல் மின்விசிறி பேருக்குச் சுற்றியது. விடுவதாக இல்லை, மூன்றாம் நாளும் போனேன்.

சின்ன வயது டாக்டரம்மா. எதுவும் கேட்பதற்கு முன் என் கழுத்தில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்த பிறகு, நான்கு மாதத்தில், அந்தக் கட்டியைத் தொட்ட முதல் கை அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?"

வெட்கத்தோடு ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

ஊசி வைத்து எடுத்த பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. பரவவில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். அறுவை சிகிச்சைத் தேதியை மட்டும் குடும்ப குரூப்பில் போட்டேன். தங்கை உடனே கூப்பிட்டு அழுதாள். தம்பி சாயங்காலம்தான் கூப்பிட்டான். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அக்கா, அங்க எத்தனை நாள்ல பாத்தாங்க?"

"மூணாவது நாள். ஏன்டா?"

"எனக்கு வயித்துல விடாம வலி. ஆறு மாசமா ஸ்கேனுக்கு லிஸ்ட்ல இருக்கேன்."

"ஏன்டா சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தப் பேச்சு பேசிட்டு, எப்படிக்கா சொல்றது?"

அழ நேரமில்லை.

"டிக்கெட் போடு" என்றேன். "எனக்குத் தையல் பிரிக்கிற அன்னிக்கே உனக்கும் ஆஸ்பத்திரி சீட்டு வாங்குறேன். வரிசையில நான் நிக்கிறேன், நீ வந்து சேரு."