அலமாரிக்குள் ஆம்ப்

வாசலில் சேஃப்டி ஷூ கிடந்தால் உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று அர்த்தம். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் எங்கள் வரிசை வீடுகளில் அது எழுதாத சட்டம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் எழுந்திருக்கும்வரை யாரும் காலிங் பெல்லைத் தொடமாட்டோம்.

அன்று பக்கத்து வீட்டு வாசலில் ஷூ கிடந்தது. எனக்கோ ஐந்து மணிக்குள் என் கிதார் பகுதியைப் பதிவு செய்து அனுப்பியாக வேண்டும். கல்லூரி நாட்களில் நான் வாசித்த இசைக்குழு, மகள் பிறந்தபின் முதன்முறையாக எனக்கு வாசிக்க ஒரு பாட்டைக் கொடுத்திருந்தது. இரண்டு முறை அனுப்பினேன். "ஒரே இரைச்சல், சுரமே தெரியல" என்று பதில் வந்தது. இதுவும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்.

கணவர் வேலைக்குப் போயிருந்தார். எட்டு மாத மகள் தூளியில் தூங்கினாள். கிதாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைத் துணி அலமாரிக்குள் வைத்து, அதன் முன் மைக்கை நிறுத்தி, புடவைகளால் மூடினேன். சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். கிதார் சோனியாகிவிட்டது. அதை ஈடுகட்ட, உறுமலைக் கூட்டும் கெயின் குமிழை முழுவதும் திருப்பினேன். அடி ஒலியான பாஸையும் ஏற்றினேன். பதிவைக் கேட்டால் ஈரக் கோணிக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. இன்னொரு புடவை போட்டுப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. எனக்கு வாசிப்பே மறந்துவிட்டதோ? பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இப்படி உட்கார்ந்திருப்பதே தப்போ?

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண். எழுப்பிவிட்டோம் என்று நினைத்து, திறக்கும்போதே சாரி சொன்னேன்.

"எதுக்குக்கா சாரி?" அவள் நெற்றி நிறைய விபூதி. "எனக்கு இன்னிக்கு லீவு. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்ட்டு இப்பதான் வரேன். இந்தா, விபூதி."

"ஷூ கிடந்ததே?"

"ஐய, அது கழுவிக் காய வெச்சது!" உள்ளே எட்டிப் பார்த்தாள். அணைக்காமல் விட்ட ஆம்ப் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. "பீரோவுக்குள்ள இன்னாக்கா கத்துது? எலியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து ஒரு காலி வீட்டுக்குப் பயந்திருக்கிறேன். அதற்குள் மகள் விழித்து அழுதாள்.

"குடு, நான் வெளிய தூக்கிகினு நிக்கிறேன். நீ முடிச்சுட்டு வா."

ஆம்பை வெளியே எடுத்து அறை நடுவில் வைத்தேன். சத்தத்தைப் பாதிவரை ஏற்றினேன். அப்போதும் கொழகொழவென்றே இருந்தது. கனம்தான் சத்தத்திலேயே வந்துவிட்டதே, இத்தனை கெயின் எதற்கு? பாதியாக்கினேன். பாஸைக் குறைத்து, நடு ஒலியைக் கூட்டினேன். ஸ்பீக்கரின் நடுவிலிருந்து மைக்கை இரண்டு விரல் அளவு ஓரமாக நகர்த்தினேன். இப்போது உறுமல் இருந்தது, உறுமலுக்குள் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர அதிர வாசித்தேன்.

அனுப்பிய பத்தாவது நிமிடம் பதில் வந்தது: "இதுதான். மத்த பாட்டுக்கும் நீயே வாசி."

இரண்டு முறை படித்துவிட்டு வெளியே ஓடினேன்.

"இங்க ரொம்ப கேட்டுச்சா?"

"தெருமுனை வரிக்கும் கேட்டுதுக்கா. ஜோரா கீது."

பிஞ்சுக் காதுக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்று, அவள் தோளில் இருந்த மகளின் காதுக்குப் பின்னால் மெல்லக் கை தட்டினேன். மகள் திரும்பினாள். மறுபக்கமும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.