புகைபோக்கி வழியே இருநூறு கிலோவாட்

சின்ன அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேச்சில் ‘சார்’ என்ற சொல் மட்டும் பெருகும். பதினேழு ஆண்டுகள் ஒரு மின்நிலையத்தின் நீராவிப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தியவர். அங்கே எரிபொருள் மின்கலங்கள் எழுநூறு டிகிரிச் சூட்டில் மின்சாரம் தயாரித்தன. அவை வெளியே தள்ளும் அனல்காற்றைக் கொண்டு கொதிகலனில் நீராவி எழுப்பி, சிறியதொரு டர்பைனைச் சுழற்றி, மேலும் கொஞ்சம் மின்சாரம் கறப்பது அத்தையின் பிரிவு. “அக்காவுக்கு என்ன, புகைபோக்கி பக்கத்துல குளிர் காயுற உத்தியோகம்” என்று அவருடைய தம்பி சீண்டினால் சிரித்துக்கொள்வார்.

நிர்வாகியின் சுற்றறிக்கையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. நீராவிப் பிரிவால் பயன் ஏதுமில்லை, மாத இறுதியில் மூடப்படும் என்றிருந்தது. ஆறு பேருக்கு வேலை போய்விடும். வாசல் பலகையில் இருவகை மின்சாரமும் சேர்ந்து ஒரே எண்ணாக மின்னும்: ஆயிரம் கிலோவாட். அதில் நீராவியின் பங்கு எவ்வளவு என்று மேலிடத்தில் ஒருவரும் வாய்திறந்து கேட்டதில்லை.

முதலீட்டாளர்கள் பார்வையிட வந்த நாளிலேயே மாதாந்தரச் சோதனையும் வந்தது. அனல்காற்றை அரைமணி நேரம் நேரே புகைபோக்கிக்குத் திருப்பிவிட்டு, கொதிகலனின் வால்வுகளைச் சரிபார்க்க வேண்டும். வாசலில் விருந்தினரோடு நின்ற நிர்வாகியிடம் அத்தை அனுமதிச் சீட்டை நீட்டினார்.

“இன்னிக்கா? நாளைக்குப் பாத்துக்கலாம்மா.”

“ஏன் சார்? பயனே இல்லாத பிரிவுன்னு நீங்கதானே சார் எழுதினீங்க? அரைமணி நேரம் நின்னா யாருக்குத் தெரியப்போகுது சார்?”

விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாகி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

சிறிது நேரத்தில் பலகையின் எண் சரிந்து எண்ணூறில் நின்றது.

“மின்கலம் எல்லாம் ஓடுது, எரிபொருளும் குறையல. இருநூறு எங்கே போச்சு?” என்றார் ஒரு விருந்தினர்.

அத்தை அண்ணாந்து கைகாட்டினார். “அதோ, புகைபோக்கி வழியா போகுது சார்.”

மறுநாள் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. தட்டச்சுப் பிழையாம்! நிர்வாகி அத்தையை அறைக்கு அழைத்து, தேநீர் வரவழைத்து, “மனசுல வெச்சுக்காதீங்கம்மா” என்றார். அத்தை கோப்பையைத் தொடவில்லை.

“ஆறு குடும்பத்தோட பொழப்பு சார். டைப் அடிக்கும்போது கை தவறிப் போற எழுத்தா சார் அது?”

நீராவிப் பிரிவுக்குத் தனி மீட்டர் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். அதில் கையெழுத்து விழும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.