எம்புள்ள ட்ரான்ஸ்ஃபர் கேக்க மாட்டா

பத்தாவது வரை மட்டும் படித்தவள், வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நடந்தது இது. மலேசியாவில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதி இரண்டு வருடத்தைக் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்ப் படிப்பது என்று முடிவு செய்திருந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சேரும்போதே சொல்லிவிட வேண்டுமாம். அப்போதுதான் அவர்கள் ஏற்றுக்கொள்கிற பாடங்களை மலேசியாவில் கொடுப்பார்களாம்.

பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் மூன்று பல்கலைக்கழகங்களின் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாதம் யோசித்தாள். நான் படுக்க வேண்டுமென்றால் கனடாவை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கடைசியில் ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

"இதுதாம்மா. மத்த ரெண்டுலயும் ஒரு வருசப் பாடத்தத் திருப்பிப் படிக்கச் சொல்றாங்க. இவுங்க நான் படிச்சதெல்லாத்தையும் ஏத்துக்கிறாங்க."

"அங்கன மீன் கெடைக்குமா?"

"கெடைக்கும். கடலே ஐஸாத்தான் கெடக்கும், தனியா ஐஸ் போட வேண்டாம்."

அவளுடைய வாப்பா சவூதியில் வேலை பார்க்கிறார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உம்மாவுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்று பொறுப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். கல்லூரியிலும் பெற்றோரில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார்கள். அதனால் ஒரு நாள் மதியம் லுஹர் தொழுது முடித்த கையோடு என்னை மொபைலுக்கு முன்னால் உட்கார வைத்தாள் மகள். கல்லூரியிலிருந்து பேசியவர் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா. அவர் முகம் தெரிந்ததுமே முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"அம்மா சாப்பிட்டாச்சா? ஒரே ஒரு கேள்விதான். மகள் பின்னால ட்ரான்ஸ்ஃபர் பண்றதா இருக்காங்களா?"

மாறிப் போவது என்றுதான் மகள் என்னிடம் சொல்லி வந்தாள். படிப்பு விஷயத்தில் ட்ரான்ஸ்ஃபர் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். அது எங்கள் மாவட்டத்துக்காரர்கள் காதில் வேறு மாதிரி விழும். தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். இங்கே வேலைக்கு வருகிற பலர் பெட்டியைப் பிரிக்கும் முன்னே ட்ரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போடுவார்கள். நான் பத்தாவது படித்த வருடம் கணக்குக்கு மட்டும் மூன்று டீச்சர்கள். மூன்றாவது டீச்சருக்கு எங்கள் பெயர்கூடப் பழகவில்லை, போய்விட்டார். ட்ரான்ஸ்ஃபர் கேட்கிறவர் என்றால் எங்களைப் பிடிக்காதவர் என்று அப்போதே என் மனதில் பதிந்துவிட்டது.

மகளின் மரியாதையைக் காப்பாற்ற வேண்டுமே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எம்புள்ள ட்ரான்ஸ்ஃபரெல்லாம் கேக்க மாட்டா. ஒரு எடத்துல சேந்தா முழுசா அங்கனயே இருப்பா. பாதியில ஓடுற மாதிரி நாங்க வளக்கல."

"அப்படியாம்மா? சரி, ட்ரான்ஸ்ஃபர் இல்லைன்னு போட்டுக்கிறேன்."

மகள் மொபைலைப் பிடுங்குவதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் இத்தனை பேசிவிட்டேனே என்ற பெருமையில் நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"வேணாம்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே உம்மா. யாரோ ஒருத்தர்ட்ட சொல்லி ஏன் கெடுக்கணும்?"

என்ன கெட்டது என்று எனக்கு விளங்கவில்லை. அவள் தாள்களை ஒவ்வொன்றாக மடித்தாள். கனடாவுக்குப் போவதைத்தான் அந்த அம்மா கேட்டார் என்று அழுகையோடு சொன்னாள். ட்ரான்ஸ்ஃபர் இல்லை என்று பதிந்துவிட்டால் கனடாவுக்கான பாடம் தர மாட்டார்கள் என்றும் சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு டீ போட்டு எடுத்துப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மூன்று டீச்சர்களின் கதையைச் சொன்னேன்.  அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தால் சிரிப்பு.

"உம்மா, நான் என்ன கணக்கு டீச்சரா?"

அதோடு விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

"புரியாமத்தான் சொன்னேன், அல்லா மேல ஆணை. ஆனா அங்கனயே இருந்துட்டா தேவலைங்கிற நெனப்பும் எனக்கு இருந்துச்சும்மா. மலேசியான்னா ஒரு பொழுதுக்குள்ள வந்துரலாம். கனடான்னா, அங்க பகல்னா இங்க ராத்திரி. நீ சாப்பிட்டியான்னு எந்த நேரத்துல கேக்குறது?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். என் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எந்த நேரத்துல வேணும்னாலும் கேளுங்க. நான் அப்பச் சாப்பிடுறேன்."

பிறகு டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே, "நாளைக்கு நானே மெயில் போட்டுச் சரி பண்ணிர்றேன், நீங்க கவலப்படாதீங்க" என்றாள்.

"வேணாம். சொன்னது நான். நானே மாத்திச் சொல்றேன்."

"பேசிருவீங்களா?"

"நீ பக்கத்துல இரு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். என் மகள் ட்ரான்ஸ்ஃபர் பண்ணுவாள், நேற்றுச் சொன்னது தப்பு என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். மகள் எழுதிக் கொடுத்திருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். குறித்துக்கொண்டார். பிறகு கட்டிலில் இருந்த தாள்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, விரிப்பை மாற்றினேன்.