மடுத்தீன் அண்ணையின் இருபது பாகை

முதலில் தன் தோசைக்கடைச் சுவரிலிருக்கும் வெப்பக் குமிழை முப்பதுக்குத் திருகுகிறார் மடுத்தீன் அண்ணை. பிறகு தோசைமா நிறைந்த பெரிய வாளியை 'சோபாஜ்' என்கிற இரும்பு வெப்பமூட்டியின் பக்கத்தில் தள்ளி வைத்து, பழைய குளிர்ச்சட்டை ஒன்றால் போர்த்துகிறார். மார்கழிக் குளிரில் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் மா தானாகப் புளிக்காது. பெற்ற பிள்ளையைக்கூட அவர் இவ்வளவு பதமாகப் போர்த்தியிருக்க மாட்டார்.

"முப்பதிலை விட்டால்தான் சோபாஜ் கெதியாச் சூடாகும்" என்பார். எவ்வளவு திருகினாலும் கொதிகலன் ஒரே வேகத்தில்தான் எரியும் என்று, கடையில் பரிமாறும் நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "உங்களுக்கு உது விளங்காது தம்பி" என்று கையை வீசிவிடுவார்.

கடைக்குள் இருபது பாகை வந்ததும் குமிழை இருபதுக்கு இறக்குவார். கொதிகலன் உடனே அணைந்துவிடும். சூடு மட்டும் இருபத்திரண்டு, இருபத்துநாலு என்று ஏறிக்கொண்டே போகும். "இருபதிலை நில் எண்டால் நிக்குதில்லை. சொல்வழி கேளாத சாமான்!" என்று சுவரைத் திட்டுவார். கூடவே ஒரு பிரெஞ்சுக் கெட்ட வார்த்தையும் வரும். சுவருக்குத் தமிழ் விளங்காதாம்.

போன சனிக்கிழமை அந்தச் சூட்டில் மா பொங்கி வழிந்தது. மறுநாள் பூசை முடிந்து வந்த கூட்டம், புளிப்புத் தாங்காமல் பாதித் தோசையோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அண்ணை தலையைக் குனிந்தபடி நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நாளைக்கு மறுபடி ஞாயிறு. இந்த முறையும் புளித்தால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

இன்று மாலை, கோப்பை துடைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி அருள்மலர் அக்கா திடீரென்று கேட்டார்:

"கடைசித் தோசையை எப்பிடிச் சுடுவியள்?"

"காஸை நிப்பாட்டிப்போட்டு. கல்லிலை கிடக்கிற சூடு காணும்தானே."

"அப்ப உந்தச் சோபாஜ் இரும்பிலை சூடு கிடக்காதோ? உள்ளுக்கை சுடுதண்ணியும் எல்லோ நிக்குது."

அண்ணை பதினெட்டுப் பாகை ஆனதுமே எழுந்து போய்க் குமிழை நன்றாகக் கீழே இறக்கிவிட்டார். கொதிகலன் அணைந்தது. குமிழுக்கு மேலே சூட்டைக் காட்டும் எண் மெல்லப் பத்தொன்பதானது, இருபதானது, அங்கேயே நின்றுவிட்டது. அக்கா கோப்பை துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணை எண்ணைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். தோசைக்கல்லருகிலிருந்த தண்ணீர்ச் சட்டிக்குள் விரல்களை நனைத்து வந்து, கல்லில் சூடு பார்ப்பதுபோல வெப்பமூட்டியின்மேல் நாலு துளி தெளித்துவிட்டு, சுர்ரென்கிறதா என்று காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.