ரெக்கார்டிங் கூண்டில் ஒரு சாவு கானா

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில், அந்தக் காலத்துப் பிரபலப் பாட்டுக்காரர் ஒருவர் நின்று பாடிய இடத்தைக்கூடத் தரையில் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய ஸ்டூடியோவுக்குள் எல்லோரும் கோயிலில் நடப்பதுபோல மெதுவாக நடக்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ராயபுரம் ரயில் நிலையத்தின் வயசுக்கு இந்தக் கட்டடம் பேரப்பிள்ளை. அந்தத் தூண்களில் சாய்ந்து வேர்க்கடலை தின்று, தோலை அங்கேயே ஊதிவிட்டு வந்திருக்கிறோம். யாரும் டிக்கெட் கேட்டதில்லை.

பாட்டும் அப்படித்தான். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பந்தலில் கானா பாடுவார்கள். பிள்ளைகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பாடுகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். செத்தவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் விடைபெறுவதுபோல அவர் பெயர் சொல்லிப் பாடுவார். பெயர் வந்ததும் அந்தப் பிள்ளை எழுந்து போய்க் காலைத் தொட வேண்டும்.

அம்மா போனபோது எனக்கு விசா சிக்கல். ஊருக்குப் போனால் அமெரிக்காவுக்குத் திரும்பி வர முடியாது. அக்கா செல்வி வீடியோ காலில் போனை அம்மாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். அங்கே சாயங்காலம், இங்கே நான் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் இருந்தேன். அக்காவின் பெயர் வந்தது, எழுந்து தொட்டாள். அடுத்து என் பெயர். யாரும் எழவில்லை. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். தாங்க முடியாமல் கட் செய்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு பொய் சொன்னேன். அதிலிருந்து இங்கே யார் என் பெயரைக் கூப்பிட்டாலும் சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறேன்.

ஸ்டூடியோவின் மூலையில், வருகிறவர்கள் பாடிப் பதிந்துகொள்ள ஒரு கண்ணாடிக் கூண்டு. வழிகாட்டிப் பெண் என்னை உள்ளே பிடித்துத் தள்ளாத குறை. அம்மாவுக்குப் பாடிய கானாவைத் தொடையில் தாளம் தட்டிப் பாடினேன். வெளியே வந்ததும் அவள், கல்யாணப் பாட்டா, ஆடவேண்டும் போலிருக்கிறதே என்றாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

பதிவை அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டாள்.

"இன்னாடா, என் பேரோட நிறுத்திக்கினே?"

என் பெயர் வந்ததுமே கட் செய்துவிட்டேன், அதற்கு மேல் கேட்கவில்லை என்றேன். சிக்னல் பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"நீ போனை வெச்சிட்டது எனக்கு அப்பவே தெரியும்டா. நான் யாராண்டயும் சொல்லல. நீ கேட்டுகினு கீறேன்னு நெனச்சு, கானா பாடுறவரு உன் பேரை மூணு தபா பாடினாரு. அப்பால நான்தான் அந்தப் போனை எடுத்து அம்மா கால்ல வெச்சேன்."

அக்கா இன்னும் அதே போனைத்தான் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கிருந்து கூப்பிட்டால், ராயபுரத்தில் அதுதான் அடிக்கிறது.