சத்தமில்லாத கொத்து

மார்கழி மாதத்துக் காலையில் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் வெறுங்காலை வைத்தால், குளிர் உள்ளங்காலில் ஏறிப் பல்லில் வந்து நிற்கும். குண்டசாலையில் மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து எழும்பி வரும் பனி, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது, நேரே உள்ளே வந்துவிடும். அந்த மாதத்தில் வீட்டில் சூடான இடம் அடுப்படி ஒன்றுதான் என்பதால், மற்ற நாட்களில் ஒரு தேங்காய் துருவித் தராத நானும் என் தங்கையும் சனி, ஞாயிறுகளில் சமையலில் பெரிய அக்கறை உள்ளவர்களாக மாறிவிடுவோம். அம்மா தேங்காய் ரொட்டி தட்டிப் போடுவார், அப்பா அம்மியில் மிளகாயும் வெங்காயமும் வைத்துக் "கட்டச் சம்பல்" அரைப்பார், நாங்கள் இருவரும் உதவி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் கையை நீட்டியபடி குந்தியிருப்போம்.

பின்னேரமானால் சுவெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கண்டிக்குப் போவோம். வாவியைச் சுற்றி நடப்போம். கிறிஸ்து பிறந்த நத்தார் மாதம் என்பதால் கடைகளில் கலர் விளக்குகள் எரியும், சூடான கடலைச் சுருள் ஒன்றை நான்கு பேரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, தின்பதைவிடக் கையைச் சூடாக்குவதற்கே அதை அதிகம் பயன்படுத்துவோம். பிள்ளைகளே, உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. எங்களுக்கு ஒரு கிழமை முழுவதும் பேச இது போதும்.

ஆனால் நான் சொல்ல வந்த ஞாயிறு மற்ற ஞாயிறுகளைப் போன்றது அல்ல. அந்தத் தவணைப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் சித்தியடைந்தால், சலீம் நானா கடையில் கொத்து ரொட்டி வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதுவும் கொத்துகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில். அப்பா வேலை செய்த இரும்புக்கடைக்கு இரண்டு கடை தள்ளித்தான் நானாவின் சாப்பாட்டுக்கடை. ரொட்டி, முட்டை, அரிந்த கோவா இலை, இறைச்சி எல்லாவற்றையும் சூடான இரும்புத் தட்டில் குவித்து, இரண்டு கையிலும் இரண்டு தகடுகளை வைத்துக்கொண்டு அங்கே ஒரு அண்ணன் கொத்துவார் பாருங்கள், அந்தத் தாளம் பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்தத் தாளத்தை மேசையில் தட்டி ஆசிரியரிடம் அடி வாங்கியவர்கள். நான் அதைத் தெருவில் நின்று கேட்டிருக்கிறேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொத்தைவிட அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கணக்கிலே மயிரிழையில் சித்தியடைந்தேன்.

அன்று காலை அப்பா கோழி வெட்டி மஞ்சளும் உப்பும் பூசி வைத்திருந்தார். அம்மா கறிவேப்பிலை பறிக்கச் செம்பரத்தை வேலிப் பக்கம் போனவர், இலையில்லாமல் திரும்பி வந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கிள் தபால் கந்தோரில் வேலை, அதிகம் பேசமாட்டார். மகேசு அன்ரி அவருக்கும் சேர்த்துப் பேசுவார். மாற்றலாகி வந்து கொஞ்ச நாட்கள்தான் ஆகியிருந்தன.

"என்னங்க, பக்கத்து வீட்டுல யாரோ தவறிட்டாங்க போல" என்றார் அம்மா.

"யாரு சொன்னா?"

"மகேசு அக்காவேதான். கண்ணெல்லாம் செவந்து தண்ணியா ஊத்துது, குரலே வரல. பின்னேரம் எல்லாரும் ஆறுதலா வாங்கன்னு கூப்பிட்டாங்க."

"யாருன்னு நீ கேக்கலையா?"

"அழுதுக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட யாரு செத்தான்னு கேப்பாங்களா? 'செத்த'ன்னு ஒரு சொல்லு காதுல விழுந்துச்சு, அதுக்குள்ள பஸ்ஸு வந்து மிச்சத்த முழுங்கிருச்சு. காலையிலயே ஒருத்தர் பையத் தூக்கிட்டு வந்து எறங்குனாரு, பாத்தீங்கல்ல? அவரு சேதி கொண்டுவந்தவரா இருக்கும்."

அப்பா யோசித்தார். அங்கிளுக்கு ஊரில் வயதான தாயார் ஒருவர் இருப்பதாக முன்பு கேள்விப்பட்டிருந்தார். "அப்ப அந்தம்மாதான்" என்று அவரே முடிவு சொன்னார்.

"கொத்து?" என்றேன் நான்.

"எழவு வீட்டுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டுக் கொத்து கேக்குதா ஒனக்கு?" என்றார் அம்மா.

அந்தப் பாட்டியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாமே என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அன்று இறைச்சி ஆகாது என்று கோழி, அடுப்புக்கு மேலிருந்த பரணுக்குப் போனது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டார்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பதால், அம்மா ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் பருப்பும் ஆக்கினார். அப்பா வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேட்டும் உடுத்தார். அம்மா பெட்டியிலிருந்த வெளிறிய சேலையைக் கட்டினார். எனக்கும் தங்கைக்கும் பள்ளிக்கூடத்து வெள்ளை உடுப்பு. அப்படியே வரிசையாகப் பின்னேரம் போனோம்.

சாவு வீட்டில் வணக்கம் சொல்லக்கூடாது. அதனால் அப்பா ஒன்றும் பேசாமல் கதிரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அங்கிள் அவரைப் பார்த்தார், எங்கள் உடுப்பைப் பார்த்தார், முகம் மாறி, தானும் எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்றார் அங்கிள் மெதுவாக.

"நீங்கதாங்க மனசத் தேத்திக்கணும்" என்றார் அப்பா.

"ஓம் ஓம். நீங்களும்."

அதற்குள் உள்ளே அம்மா, அன்ரியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கியிருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அன்ரியும் அம்மாவைவிட உரக்க அழுதார். பிறகுதான் தெரிந்தது, காலையில் அவருக்குக் குரல் வராததற்குக் காரணம் நல்ல தடிமன், மூக்கு அடைத்திருந்தது. எவ்வளவு நேரம் இப்படிப் போயிருக்குமோ தெரியாது. காலையில் பையோடு வந்திறங்கியவர் அகப்பையும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றார். அவர் அன்ரியின் அண்ணன்.

"கூழ் ஆறப்போகுது, என்ன எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறியள்?"

என் தங்கைதான் கேட்டாள். "பாட்டி செத்தா கூழ் குடுப்பாங்களா?"

அன்ரியின் அழுகை பட்டென்று நின்றது. "ஆர் செத்தது?"

"ஒங்க மாமியார் இல்லையாக்கா?" என்றார் அம்மா.

"அவா ஏன் சாகிறா? அவா அண்ணாட்ட ஒடியல் மா குடுத்துவிட்டிருக்கிறா, நல்லா உறைப்பாக் காய்ச்சச் சொல்லி. அதுக்குத்தானே நான் விடிய எழும்பிச் செத்தல் இடிச்சனான். கண் எரிஞ்சு சாகிறன் எண்டு உங்களுக்கு வேலியில வச்சே சொன்னனான். ஆறுதலா வாங்கோ எண்டும் சொன்னனான்."

ஒன்றொன்றாக விளங்கியது. "செத்தல்" காய்ந்த மிளகாய். "ஆறுதலா" என்றால் அவர்கள் ஊரில் அவசரப்படாமல், நிதானமாக என்று பொருள். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர வாருங்கள், கூழ் குடிக்கலாம் என்று அன்ரி விருந்துக்கு அழைத்திருக்கிறார். நாங்கள் ஒரு சட்டி பருப்போடு சாவுக்கு வந்திருக்கிறோம். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது பிள்ளைகளே, எல்லோரும் பேசியது தமிழ்தான். அங்கிள் எழுந்து உள்ளே போனார். சிரிக்கத்தான் போனார் என்பது அவர் முதுகு குலுங்கியதில் தெரிந்தது. அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியவர், இரண்டாவது கோப்பை கூழ் வரைக்கும் எடுக்கவில்லை.

காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவில் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கூழ் தொண்டையில் இறங்கியபோது, மார்கழிக் குளிர் எங்கே போனதென்று தெரியவில்லை. உறைப்பில் எங்கள் நான்கு பேருக்கும் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஓடியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பாட்டி சாகலதானே, அப்ப கொத்து?" என்று நான் அப்பாவின் காதில் சொன்னது அங்கிளுக்கும் கேட்டுவிட்டது. விஷயத்தைக் கேட்டறிந்தவர், "பெடியனுக்குச் சொன்னாச் சொன்னதுதான். வெளிக்கிடுங்கோ, நாங்களும் வாறம்" என்றார். அம்மா உடுப்பு மாற்ற வேண்டும் என்றார். அதற்குள் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டது. அப்படியே ஓடி ஏறினோம்.

வாவிக்கரையில் எங்களுக்கு அன்று கிடைத்த மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. வெள்ளை உடுப்பும் சிவந்த கண்ணுமாக வரிசையில் வந்த எங்களைக் கண்டு நடைபாதையில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பொலிஸ்காரர் வாகனங்களை நிறுத்தி, தொப்பியைத் தொட்டு, எங்களைத் தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். அப்பா அவருக்குத் தலையசைத்து நன்றி சொன்னார்.

நானா கடையில் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "என்ன தம்பி இது, யாரு மௌத்தாகின?"

"அது வந்து, நானா..." என்று அப்பா இழுத்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. செத்தலில் இருந்தா, பஸ்ஸில் இருந்தா?

நானா அவர் தோளில் கையை வைத்தார். "சொல்ல வாணாம். எனக்கு வெளங்குது." பிறகு உள்ளே திரும்பினார். "டேய், ரேடியோவ நிப்பாட்டு. மௌத்து ஊட்டு ஆக்கள் வந்தீக்கிறாங்க, சத்தம் போடாமக் கொத்து."

நான் கேட்டபடி பக்கத்து மேசைதான். எனக்கு முன்னால், கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில், கண்டியிலேயே பேர்போன அந்த அண்ணன் இரண்டு தகடுகளையும் தூக்கியவர் அந்தரத்திலேயே நிறுத்தினார். பிறகு ஒரு தகட்டை மெதுவாக ரொட்டியில் வைத்து அழுத்தினார். மற்றதையும் அழுத்தினார். தூங்குகிற குழந்தைக்கு நகம் வெட்டுவது போல வெட்டிக்கொண்டே போனார். பக்கத்து மேசைக்காரர் தேநீர்க் கிளாசைச் சத்தம் வராமல் வைத்தார். கடையில் முட்டை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று கிழமை காத்திருந்த என் கண்ணிலிருந்து கண்ணீர் ஓடியது. கூழின் கண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது. இது புதியது.

நானா அதைப் பார்த்துவிட்டார். "பாவம் புள்ள, நல்ல பாசம் போல" என்று சொல்லி, தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பான வட்டிலப்பம் ஒரு கோப்பை கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "தின்னுங்க மகன், அழ வாணாம்."

"எனக்கு இது வேணாம். சத்தந்தான் வேணும்" என்றேன் நான்.

நானா அப்பாவைப் பார்த்தார். அப்பா அங்கிளைப் பார்த்தார். அங்கிள் கூரையைப் பார்த்தார். கடைசியில் பேசியது அம்மா. பஸ் ஏறியதிலிருந்து வெட்கத்தில் வாயைத் திறக்காதிருந்தவர், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "யாரும் சாகலீங்க. நான்தான் காது கேக்காம எல்லாரையும் வெள்ளை உடுத்த வெச்சிட்டேன். எம்புள்ள கணக்குல பாஸ் பண்ணியிருக்கான். நல்லா சத்தமா கொத்தச் சொல்லுங்க."

நானாவுக்கு முழுக்கதையும் விளங்கவில்லை. ஆனால் யாரும் சாகவில்லை என்பது விளங்கியது. வட்டிலப்பத்தைத் திருப்பி எடுக்கப்போன அப்பாவின் கையைத் தட்டிவிட்டார். "மௌத்துக்கு வெச்சத சந்தோசத்துக்குத் தின்னுங்க. டேய், கொத்துடா."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்த அண்ணன் இரும்புத் தட்டின்மேல் இறக்கினார். மேசை அதிர்ந்தது, கிளாஸ்கள் நடுங்கின, தங்கை காதைப் பொத்தினாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் கொத்தைச் சாப்பிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

அங்கிளும் அன்ரியும் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். செம்பரத்தை வேலி நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கும் மேலே மதில் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் கேட்காது. நானாவின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். எங்கள் வீட்டுக்குக் கொத்து, மோட்டார் சைக்கிளில், பெட்டியில் அடைத்து வருகிறது. என் பிள்ளைகள் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் அதைத் தின்கிறார்கள். நல்ல ருசிதான், பொய் சொல்லக்கூடாது.

போன ஞாயிறு இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அந்தச் சத்தத்தைக் காட்டச் சொல்லி என் சின்ன மகள் பிடிவாதம் பிடித்தாள். சந்தியில் புதிதாகத் திறந்திருக்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். வெளிச்சமான கடை, பெரிய கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சமையல். உள்ளே ஒரு இளைஞர் தோள் குலுங்கக் கொத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. யார் செத்தது என்று கேட்கத்தான் எனக்கு முதலில் தோன்றியது.

மகள் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினாள். "மாமா, சத்தமா கொத்துங்க."

அவர் நிமிர்ந்து பார்த்து, அவளைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டினார். அவள் சொன்னது அவருக்கும் கேட்கவில்லை.